சக்கரத்துக்கு வைத்த பழம்

அத்தியாயம் 11

"அரிசிப் பானையில ஒரு எலுமிச்சம்பழம் கெடந்துச்சே, அதை யாரு எடுத்தா?"

காலையில் எழுந்ததும் சௌந்தரம் கேட்ட முதல் கேள்வி இதுதான். பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்து, வீங்கின காலைக் கனத்த ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒங்களத்தான் கேக்குறேன். நாலஞ்சு நாளா அரிசிக்குள்ள கெடந்து நல்லா மஞ்சளாப் பழுத்திருந்துச்சு. இந்த ஊர்ல பச்சைக் காயா விப்பானே தவிர, மஞ்சப் பழம் எங்க கெடைக்குது? ஊறுகாய்க்கு நீங்கதான் வச்சிருக்கீகன்னு நான் தொடாம இருந்தேன்."

"எனக்கு இன்னிக்குப் பரீட்சை சௌந்தரம். ஊறுகாய் நெனப்புலயா இருக்கேன்?"

"அப்ப எலிதான் தின்னிருக்கும்."

"எலுமிச்சம்பழத்தை எலி தின்னுமா?"

"இந்தச் சந்துல இருக்குற எலி எதையும் தின்னும்" என்று முடித்துவிட்டு சௌந்தரம் அரிசியை அளந்தாள்.

கதையை விடாமல் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்திருப்பவர்களுக்கு இந்த வீட்டைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

வீடு வியட்நாமில், சைகோன் நகரத்தின் கான் ஹொய் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்தில். எதிர்வீட்டில் மீன் பொரித்தால் இந்த வீட்டுத் துணியில் வாசம் ஏறும். பஞ்சவர்ணம், சைகோனுக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய வருடத்தில் பிறந்தவள். அப்பா தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு செட்டியார் கடைக்குச் சமைக்க வந்தவர். அம்மா மேகாங் ஆற்றுப் பக்கத்துக்காரி. பஞ்சவர்ணம் பதினேழு வருடம் ஒரு செருப்புக் கம்பெனியில் நின்றுகொண்டே அடிப்பாகத்துக்குப் பசை தடவினாள். போன மழைக்காலத்தில் கம்பெனி வேறு மாகாணத்துக்குப் போய்விட்டது. பஞ்சவர்ணத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனது.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வேலையிழப்புக் காப்பீடு எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அது இப்போது உதவிக்கு வந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த பெண், "உதவித்தொகை வாங்கும்போதே ஒரு தொழிலும் கத்துக்கலாம் அக்கா. பயிற்சிக் கட்டணத்தை அரசாங்கமே கட்டிடும்" என்றாள். சமையல், முடி திருத்துவது, தையல் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, பஞ்சவர்ணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதுல உக்காந்து பாக்குற வேலை எது?"

சமையலும் முடி திருத்துவதும் நிற்கிற வேலை. தையல் கம்பெனிகளோ செருப்புக் கம்பெனியின் பின்னாலேயே ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. மிச்சமிருந்தது ஃபோர்க்லிஃப்ட். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, கிடங்குகளில் சரக்கைத் தூக்கி அடுக்குமே, அந்த வண்டி. பஞ்சவர்ணம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அதோடு அவள் புருஷன் பேச்சை நிறுத்திவிட்டார்.

தண்டாயுதபாணி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஃபோர்க்லிஃப்ட் வந்ததும் ஆளைக் குறைத்தார்கள். பிறகு கப்பல்களே ஆற்றின் கீழ்ப்பக்கம் போய்விட்டன. கடைசியாக அவருடைய இடுப்பும் போய்விட்டது. இப்போது சொம் சியூ சந்தைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில், சாக்கட்டியால் வண்டிகளின் சீட்டின்மேல் எண் எழுதுகிறார். "அந்த வண்டியில ஏறுனேன்னா எங்கூடப் பேசாதே" என்றார். அவள் ஏறினாள். இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் மின்சாரக் குக்கரைப் பார்த்துச் சொல்லுவார். "சோறு ஆறிப்போச்சு" என்று குக்கரிடம் முறையிடுவார். பஞ்சவர்ணம் எழுந்து சூடாக்குவாள்.

தன் பிழைப்பைப் பறித்த வண்டியில் பெண்டாட்டி ஏறுவது ஆம்பிளைக்கு அவமானம் என்று சந்தே பேசிக்கொண்டது. பஞ்சவர்ணமும் அப்படித்தான் நினைத்தாள்.

இவ்வளவுதான். இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

"அண்ணன் எங்க போனாக இவ்வளவு வெள்ளனமா?" என்றாள் சௌந்தரம்.

"எங்கிட்டச் சொல்லிட்டா போறாக? குக்கரைக் கேளு."

சௌந்தரம் சிரித்தாள். அவள் தண்டாயுதபாணியின் தங்கை. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். மாரியம்மன் கோயில் வாசலில் பூவும் ஊதுபத்தியும் விற்கிறாள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான். அம்மன் எல்லோருக்கும் காது கொடுக்கிறாள் என்பது சௌந்தரத்தின் வியாபார நம்பிக்கை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல மதினி. சமையல் வகுப்புக்கு மாத்திக்குங்க. ஒங்க கைக்கு நல்ல ஓட்டலா கெடைக்கும்."

"அடுப்பு முன்னாடி உக்காந்துகிட்டா சமைப்பாக?"

"உக்காரணும் உக்காரணும்னு இப்படியா ஒருத்தி அலைவா?"

"பதினேழு வருசம் நின்னு பாரு. அப்புறம் கேளு."

சொல்லும்போது பஞ்சவர்ணத்துக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. இன்றைக்குச் செய்முறைத் தேர்வு. தவறிவிட்டால் மறுதேர்வுக்குக் கைக்காசு கட்டவேண்டும். உதவித்தொகை இந்த மாதத்தோடு நிற்கிறது. வயது முப்பத்தேழு. செருப்புக் கம்பெனிகள் இந்த வயதுக்காரிகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. இதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

சௌந்தரம் ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி நீட்டினாள்.

"ஹெல்மெட்டுக்கு மேலயா வைப்பேன்?"

"உள்ள வச்சுக்குங்க. அம்மனுக்குத் தெரியும்."

பஞ்சவர்ணம் வைத்துக்கொண்டாள். பசையில் மூக்கு செத்துப்போனதிலிருந்து அவளுக்கு மல்லிகையும் ஒன்றுதான், மரவள்ளியும் ஒன்றுதான். ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை.

*

பயிற்சி மையத்தின் முற்றத்தில் அதற்குள் வெயில் ஏறியிருந்தது. சிவப்பு வண்டி ஒன்று, மஞ்சள் வண்டி ஒன்று. தரையில் சுண்ணாம்புக் கோடுகள், வளைவுகளில் ரப்பர் கூம்புகள். பஞ்சவர்ணம் பழகியது மஞ்சள் வண்டியில்தான். அதன் சீட்டு கிழிந்து பஞ்சு தெரியும். உலகத்தில் அவளுக்குப் பிடித்த நாற்காலி அது ஒன்றுதான்.

"வாங்க சி நாம்" என்றார் ஆசிரியர் லொய். சி என்றால் அக்கா, நாம் என்றால் ஐந்து. பஞ்சவர்ணம் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாமல் போகவே, அதற்கு அர்த்தம் கேட்டு, ஐந்து நிறங்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "தூங்கினீங்களா?"

"இல்ல."

"நானும் தூங்கல. தேர்வு வைக்க வந்திருக்கிறது திருமதி ஹன். சிரிக்கவே மாட்டாங்க. வண்டியைச் சுத்தி வந்து பார்க்கிறதுல ஒண்ணை விட்டாலும் அதோட இறக்கி விட்டுடுவாங்க."

ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்து, பார்ப்பதை எல்லாம் உரக்கச் சொல்லவேண்டும். அதுதான் தேர்வின் முதல் பகுதி. சக்கரம், சங்கிலி, எண்ணெய்க் கசிவு, ஹாரன், பிறகு சக்கரத்தடியில் ஏதாவது தடை இருக்கிறதா என்று. லொய் இதை மந்திரம் மாதிரி ஓதவைத்திருந்தார். வீட்டில் பஞ்சவர்ணம் அரிசி களையும்போதுகூட "மஞ்ச வண்டி, முன் சக்கரம், பின் சக்கரம்" என்று முணுமுணுத்ததை சௌந்தரம் கேலி செய்திருக்கிறாள். தண்டாயுதபாணி மூலையில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளமாட்டார்.

முதலில் சிவப்பு வண்டிக்கு ஒருவரைக் கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டராக இருந்து வேலை போனவர். சுற்றிவந்து எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். ஏறினார். பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்பினார்.

"இறங்குங்க" என்றார் திருமதி ஹன்.

அவ்வளவுதான். மனிதர் இறங்கி, சுவரோரம் போய் நின்று, வெறும் பாட்டிலை வாயில் வைத்துக் குடித்தார்.

"அடுத்தது மஞ்சள் வண்டி. நாம்."

அவள் இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். "இடது முன் சக்கரம், சரி. சங்கிலி, சரி. எண்ணெய்க் கசிவு இல்லை." குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. பின்னால் போனாள். "பின் சக்கரங்கள், சரி." வலது பக்கம் வந்தாள். குனிந்தாள்.

வலது முன் சக்கரம் தரையைத் தொடுகிற இடத்தில், உருண்டுவிடாதபடி ஒரு சின்னக் கல்லை முட்டுக்கொடுத்து, ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

நல்ல மஞ்சள் பழம். நெற்றிப் பொட்டு மாதிரி அதில் கொஞ்சம் குங்குமம்.

அரிசிப் பானை அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த நகரத்தில் லட்சக்கணக்கில் வண்டி ஓடுகிறது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற வீடு எத்தனை இருக்கும்? நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தாள். கம்பிக் கதவுக்கு வெளியே, சாயம் போன நீலத் தொப்பியோடு, ஒரு கையை இடுப்பில் ஊன்றிச் சாய்ந்தபடி தண்டாயுதபாணி நின்றார். அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் அவர் அவள் முகத்தை நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

காய் வாங்கி, அரிசியில் புதைத்துப் பழுக்கவைத்து, விடிவதற்கு முன்னால் வந்து, காவல்காரனை எப்படியோ சரிக்கட்டி, வளையாத இடுப்பை வளைத்து இதை வைத்திருக்கிறார். அவமானம் என்று நினைக்கிற மனுஷன் செய்கிற காரியமா இது?

ஆனால் வைத்த பழம் நசுங்கவேண்டும். வைத்ததைக் கையால் எடுப்பது ஆகாது. இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

திருமதி ஹன் வண்டிக்கு இடது பக்கம், நிழலில் நின்றிருந்தார். அங்கிருந்து இந்தச் சக்கரம் தெரியாது. "வலது முன் சக்கரம், சரி" என்று சொல்லிவிட்டு ஏறிவிடலாம். சக்கரம் ஏறும், பழம் நசுங்கும், வாசலில் நிற்கிறவர் முகம் தெளியும். யாருக்கும் தெரியாமலும் போகலாம்.

ஆனால் லொய் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் சாறு பளிச்சென்று தெரியும். தெரிந்தால் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அதோடு, அடியில் ஒன்று இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. இந்த இரண்டு மாதமும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பார்த்ததைச் சொல் என்பதுதான்.

"ஏன் நின்னுட்டீங்க?"

"வலது முன் சக்கரம்" என்றாள் பஞ்சவர்ணம். "அடியில் தடை. எடுக்கிறேன்."

குனிந்து எடுத்தாள். வாசல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

திருமதி ஹன் சுற்றிக்கொண்டு வந்தார். "என்ன அது?"

"எலுமிச்சம்பழம்."

"யார் வைச்சது?"

"எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நினைக்கிறவங்க யாரோ."

திருமதி ஹன் பழத்தையும் குங்குமத்தையும் பார்த்தார். "எங்க அண்ணன் லாரி வாங்கினப்ப முழுசா ஒரு கோழியை வைச்சு ஊதுபத்தி கொளுத்தினார்" என்றார். "ஆனா சக்கரத்துக்கு அடியில வைக்கல. ஏறுங்க."

சிரிக்கவே மாட்டார் என்று லொய் சொன்னது உண்மைதான். சிரிக்காமலேயே சொன்னார்.

பழத்தைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பஞ்சவர்ணம் ஏறினாள். பெல்ட். ஹாரன். இரும்புக் கைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினாள். பெட்டிகள் அடுக்கிய பேலட் என்ற மரத்தட்டுக்குள் கைகளை நுழைத்து, தூக்கி, பின்பக்கம் சாய்த்தாள். இனி பின்னோக்கி வரவேண்டும்.

இந்த வண்டிக்குத் திரும்புவது பின் சக்கரம். நீ ஒரு பக்கம் திருப்பினால் அதன் பின்புறம் மறுபக்கம் வீசும். பின்னால் பார்க்காமல் பின்னால் போகாதே என்பது லொய்யின் முதல் நாள் பாடம். பஞ்சவர்ணம் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். பின்னால்தான் வாசல் இருந்தது. பார்க்காமல் இருக்க முடியாது.

கம்பிக் கதவுக்கு வெளியே யாரும் இல்லை.

அழுகை வந்தது. கண் கலங்கினால் கூம்பு தெரியாது. எனவே அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வளைவில் திரும்பினாள். ஒரு கூம்பு லேசாக ஆடி நின்றது. அடுக்கின்மேல் பேலட்டை ஆடாமல் இறக்கினாள். வண்டியை நிறுத்தி, கைகளைத் தரையில் இறக்கி, சாவியைத் திருகினாள்.

திருமதி ஹன் எழுதிக்கொண்டே சொன்னார்: "தேறிட்டீங்க. ரொம்ப மெதுவா ஓட்டுறீங்க."

"மெதுவா ஓட்டுறது தப்புங்களா?"

"கிடங்குக்காரங்களுக்குத் தப்பு. எனக்கு இல்லை."

சந்தோஷம் வரும் என்று பஞ்சவர்ணம் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வந்தது தூக்கம்தான். சுவரோரம் கண்டக்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அவர், "நாம் அக்கா, பெல்ட்டை மறந்தா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்" என்றார். "பஸ்ஸில எங்களுக்குப் பெல்ட்டே கிடையாது." பாவமாக இருந்தது.

லொய் இரண்டு கோப்பைக் கரும்புச் சாறு வாங்கிக்கொண்டு வந்தார்.

"ரெண்டு இடத்துல ஆள் கேட்டிருக்காங்க. ஒண்ணு ரொம்பத் தூரம், ராத்திரி வேலை. இன்னொண்ணு உங்க கான் ஹொய்யிலேயே இருக்கு. பழைய துறைமுகத்துல ஏழாம் கொட்டகை. ஒரு குளிர்பானக் கம்பெனி வாடகைக்கு எடுத்து கிடங்கு ஆக்கியிருக்கு. திங்கக்கிழமையே சேரச் சொல்றாங்க. எது வேணும்?"

"ஏழாம் கொட்டகை" என்றாள் பஞ்சவர்ணம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அப்போது அவள் யோசித்ததெல்லாம் அவ்வளவுதான்.

*

மாலையில் நேராகச் சந்தைக்குப் போனாள். வேலை விட்டு வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் காய் வாங்க ஓடுகிற நேரம். தண்டாயுதபாணி குனிய முடியாமல் குனிந்து, சீட்டு சீட்டாக எண் எழுதிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணத்தின் பழைய ஹோண்டா வந்து நின்றதும் அதன் சீட்டிலும் ஒரு எண்ணை எழுதினார். அதே எண் போட்ட காகிதத் துண்டைக் கிழித்து அவளிடம் நீட்டினார். மற்றவர்களுக்கு நீட்டுகிற மாதிரியே நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த குட்டை பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"பாஸ் பண்ணிட்டேங்க."

தண்டாயுதபாணி யாருடைய வண்டியையோ பார்த்து, "நல்லது" என்றார்.

"வண்டிகிட்ட என்ன பேச்சு? நான் இங்க இருக்கேன்."

சாக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே, ஆனால் அவளிடம்தான், சொன்னார்:

"பழத்தை எடுத்துட்டியே."

குரல் உடைந்திருந்தது. கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அது தூக்கிவாரிப் போட்டது.

"எடுக்கலைன்னா எறக்கி விட்டுருப்பாக. இந்த மாசத்தோட காசும் நிக்கிது. நான் என்ன செய்ய?"

"வச்ச பழத்தை எடுத்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாது பஞ்சு. நான் பாத்திருக்கேன்."

பஞ்சு என்று அவர் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

"மைதீனை ஞாபகம் இருக்கா?"

பக்கீர் மைதீனை யாருக்கு ஞாபகமிருக்காது? டோங் டு தெருப் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். இவரோடு ஒரே மூட்டைக்கு இரண்டு பக்கமும் தோள் கொடுத்தவர். இவர்கள் கல்யாணத்தில் பிரியாணி அண்டாவை விட்டு நகராமல் நின்றவர். அவர் இறந்தது துறைமுக விபத்தில் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். எப்படி என்று கேட்டபோதெல்லாம் இவர் எழுந்து போய்விடுவார்.

"துறைமுகத்துக்கு அந்த வண்டி மொத மொதல்ல வந்த அன்னிக்கு, நான் சக்கரத்துக்குப் பழம் வச்சேன். மைதீன்தான் சந்தையில போயி வாங்கிட்டு வந்தாரு. 'ஒன் சாமிக்கு நான் வாங்குனா ஆகாதா'ன்னு சிரிச்சாரு. சூப்பர்வைசரு வந்தான். இது என்ன குப்பைன்னு காலால எத்தி விட்டான். அன்னிக்கு மத்தியானம் நல்ல மழை. வண்டி பின்னால வந்துச்சு. மைதீன் பின்னாலதான் நின்னுகிட்டிருந்தாரு." தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏழாம் கொட்டகையில. நான் பக்கத்துல நின்னேன்."

லொய் சொன்ன அதே கொட்டகை.

ஒரு பெண் வந்து காகிதத்தைக் கொடுத்துத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். தண்டாயுதபாணி கடமையாக எண்ணைச் சரிபார்த்து அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

"எம் பொழப்பு போனதுக்காகப் பேசாம இருக்கேன்னு நீயும்தானே நெனச்சே?"

"ஆமா."

"பொழப்பு போனாப் போகுது. நீ போயிட்டா நான் என்ன செய்வேன்?"

சந்தைக் கூச்சலுக்கு நடுவில் அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பஞ்சவர்ணம் அழுதாள். காலையில் தள்ளிப்போட்ட அழுகை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த வண்டிய ஓட்டுனவன் பின்னால திரும்பிப் பாத்தானா?"

"எங்க பாத்தான்? முந்தின நாள் வரைக்கும் லாரி ஓட்டிக்கிட்டிருந்தவன். சாவியைக் குடுத்து ஏத்தி விட்டுட்டாக. அந்தக் காலத்துல யாரு என்னத்தைச் சொல்லிக்குடுத்தா?"

"எங்களுக்கு மொத நாளே அதைத்தான் சொல்லிக்குடுத்தாக. பின்னால பாக்காம பின்னால போகாதேன்னு. இன்னிக்குப் பாத்தேன். நீங்க நின்ன எடத்துல நீங்க இல்ல. அதையும் பாத்துட்டுத்தான் வண்டியை எடுத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றி அவள் பழத்தை எடுத்தாள். பெல்ட் அழுத்தியதில் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. குங்குமம் சட்டையில் ஒட்டியது போக மிச்சம் இருந்தது.

"நான் காலால எத்தலைங்க. கையாலதான் எடுத்தேன்."

தண்டாயுதபாணி பழத்தைப் பார்த்தார். அவள் தூக்கிப் போட்டிருப்பாள் என்றே நினைத்திருந்தார் போலிருக்கிறது.

"வேலை குடுத்திருக்காகளா?"

"திங்கக்கிழமையே வரச் சொல்லியிருக்காக."

"எங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். கம்பெனியின் பெயரைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். லொய்யிடம் சொல்லித் தூரத்து ராத்திரி வேலைக்கே மாற்றிக்கொண்டுவிடலாமா என்றும் ஒரு கணம் யோசித்தாள். ஆனால் காலையிலிருந்து அவளுக்கு ஒன்று பழகியிருந்தது. பார்த்ததைச் சொல்லிவிடுவது. அடியில் இருப்பதை இல்லை என்று சொல்லாமல் இருப்பது.

"ஏழாம் கொட்டகை."

சாக்கட்டி அவர் கையில் ஒடிந்தது. ஒரு பாதி கீழே விழுந்து உருண்டது. யாரோ ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் காகிதத்துக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தார். தண்டாயுதபாணி அவரைப் பார்க்கவே இல்லை.

"இதை முன்னாடியே கேட்டிருந்தா நான் வேற எடம் சொல்லியிருப்பேங்க. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது" என்றாள் பஞ்சவர்ணம். "ஆனா ஒத்துக்கிட்டேன்."

உள்ளங்கையில் பழத்தை வைத்து அவரிடம் நீட்டினாள். "அங்க எனக்குன்னு ஒரு வண்டி குடுப்பாக. வைக்கணும்னா நீங்களே வந்து வைங்க. பழத்துமேல ஏத்திட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். யாரும் எத்துனா நான் பாத்துக்கறேன்."

தண்டாயுதபாணி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பழத்தை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒடிந்த சாக்கட்டியைத் தேடி எடுத்தார். காத்திருந்தவருக்கு எண் எழுதினார், காகிதம் கிழித்துக் கொடுத்தார். அவள் ஹோண்டாவின் சீட்டில் எழுதியிருந்த எண்ணை உள்ளங்கையால் அழித்தார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எந்த வண்டியையும் பார்த்துக் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

பழம் வைக்க வருவதற்குக் கேட்கிறாரா, கதவை மறித்து நிற்க வருவதற்குக் கேட்கிறாரா? கூட வாழ்ந்த இத்தனை வருடத்தில் பஞ்சவர்ணத்துக்கு அந்த முகம் இவ்வளவு புரியாமல் இருந்ததில்லை.

"காலையில ஆறு மணிக்குங்க" என்றாள்.